நஸ்ரினின் வலி மெஷினை நான் ஒளித்து வைத்த மாதம்

தம்பி, உனக்கு உன் அம்மாவின் ஸலாம். நீ துபாய்க்குப் போன இந்த ஆறு வருஷத்தில் நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எல்லாமே போனில்தான். போனில் உன் முகம் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், "சாப்டியாப்பா, அங்க வெயிலு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை நஸ்ரின் உன்னிடம் வந்து சேர்ந்துவிடுவாள். அதற்குள் எழுதிவிட வேண்டும். மருமகளின் மாத நாளைப் பற்றி ஒரு தாய் மகனுக்கு எழுதுவாளா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் கூச்சம்தான். ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டில் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரைக்கும் படி. பாதியில் எனக்குப் போன் பண்ணாதே.

நஸ்ரின் பழனியிலிருந்து நம் பேகம்பூர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் விடியலில் அவள் தொழுகைக்கு எழவில்லை. சரி, அந்த நாளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏழு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தலையணை முனையைக் கடித்தபடி கிடக்கிறாள். நெற்றியெல்லாம் வேர்வை. எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள், திரும்ப வந்து சுருண்டாள். நீ வாசற்படியில் நின்று முழித்துக்கொண்டிருந்தாய். "என்னம்மா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவமா?" என்று கேட்டாய். நான்தான், "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், நீ போயி கறி வாங்கிட்டு வா" என்று உன்னைத் துரத்தினேன். நீயும் தப்பித்தோம் என்று பையை எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு உன்னை வெளியே அனுப்பியது என்னுடைய முதல் தப்பு. நீ அங்கேயே நின்றிருந்தால் அடுத்து அவள் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். நான் ஓமத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் சொன்னாள்: "மாமி, எனக்கு வலி மாத்திரை மட்டும் ஆகாது. சின்னதுலருந்தே வீசிங் இருக்கு. ஸ்கூல் படிக்கையில ஒரு தடவ போட்டு, மூச்சு இறுகி, ஆஸ்பத்திரியில வச்சிட்டாங்க." நான் சரிம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு மறந்தும் போனேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் படாத வலியா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிசு.

போன வருஷம் லீவில் வந்தபோது நீயே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் குறை ஒன்றும் இல்லை, சிலருக்கு இந்த வலி இப்படித்தான் இருக்கும் என்றார்கள். வலி மாத்திரை ஆகாது என்று அவள் சொன்னதால் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? டிவி ரிமோட் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒயர். ஒயரின் முனையில் பசையோடு ஒட்டுகிற பட்டைகள், இரண்டு அடிவயிற்றுக்கு, இரண்டு இடுப்புக்குப் பின்னால். அந்த அம்மா நிதானமாகத்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். நீ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாய். எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. கரண்ட். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன எதுவும் எனக்குள் போகவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். நீ, "என்னம்மா, மயக்கமா இருக்கா?" என்று கேட்டாய்.

உனக்கு ஒரு சித்தி இருந்தாள். காய்ச்சலில் செத்துப்போனாள் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அது பொய். அவள் பேர் மைமூன், பதினைந்து வயசு. அப்போது நாங்கள் அகரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போடு என்று நான்தான் அவளை அனுப்பினேன். எனக்குச் சோம்பல். கொடி என்றால் கயிறு இல்லை, இரும்புக் கம்பி. எங்கேயோ தோல் உரிந்த ஒயர் அதில் பட்டிருக்கிறது. சத்தம்கூட வரவில்லை. என்ன இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்தேன். ஈரப் பாவாடையும் அவள் கையும் கம்பியில் இருந்தன, கை கம்பியை விடவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். கிரைண்டர் போட நான் செருப்பு மாட்டிக்கொள்வதைப் பார்த்து நீ சின்ன வயசில் சிரிப்பாயே, அதற்குக் காரணம் இதுதான். நான் செய்ததற்கு இது சாக்கு இல்லை. ஆனால் என் மருமகள் ராத்திரியும் பகலும் வயிற்றில் ஒயரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மெஷின் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலி அடியோடு போய்விட்டது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் சுருண்டு கிடக்கவில்லை. சுடிதாருக்குள் அந்தப் பட்டைகளை ஒட்டி, பெட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெங்காயம் உரித்தாள், உன்னோடு போனில் சிரித்துப் பேசினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம் கூடிக்கொண்டே போனது. நேற்றுவரை துடித்தவள் இன்று சிரிக்கிறாள் என்றால் உள்ளே அந்தக் கரண்ட் எதையோ மரத்துப்போக வைக்கிறது, எதையோ சாகடிக்கிறது என்று தோன்றியது. அதே சமயம் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஜைனம்பு ஒருநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள், நஸ்ரின் இடுப்பில் ஒயரைப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "ஏங்க்கா, வயித்துல கரண்டு வச்சா கரு எப்பிடித் தங்கும்? சுட்டுப் பொசுக்கிறாதா?" அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மாவைப் போய்க் கேட்டிருக்கலாம். உன்னைக் கேட்டிருக்கலாம். நஸ்ரினையே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் பட்டிக்காடு என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று இருந்துவிட்டேன். அடுத்த நாள் அவள் குளிக்கப் போன நேரம், மெஷினை எடுத்து, உங்க அத்தா விட்டுப்போன துணிகளை வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

அந்த மாதம் அவளுக்கு வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து அலமாரியை இழுத்துப் போட்டுத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, என் மெஷினப் பாத்தீங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீ எங்க வச்சியோ."

இந்த வார்த்தையைச் சொல்லும்போது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். வெந்நீர்ப் பை வைத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன், எதுவும் கேட்கவில்லை. அவள் அழுகிற சத்தம் இல்லை, ஒரு முனகல், ஆடு மாடு முனகுமே, அந்த மாதிரி. அப்போதாவது பெட்டியைத் திறந்து மெஷினை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஒளித்தது நான் என்று தெரிந்துபோகுமே. அந்த மானத்துக்குப் பயந்து, முட்டி வலிக்கு நான் போடுகிற மாத்திரையில் ஒன்றை அட்டையிலிருந்து பிரித்து, அட்டையை மறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன்.

"என்ன மாத்திரை மாமி?"

"வாந்திக்குள்ளதும்மா. முழுங்கிட்டுச் செத்த நேரம் படு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாங்கி முழுங்கினாள். அவள் ஆகாது என்று சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத முடியவில்லை. மாத்திரையைப் பிரிக்கும்போது அது ஞாபகம் வந்தது தம்பி. ஒரு மாத்திரை என்ன செய்துவிடும், சின்ன வயசில் வந்தது இப்போதா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். முதலில் மூக்கு ஒழுகியது. முகம் சிவந்தது. பிறகு இருமல். பிறகு அந்த இரைப்புச் சத்தம், விசில் மாதிரி. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கு இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. உதடு கத்தரிப்பூ நிறமாகிக்கொண்டு வருகிறது. ஜைனம்புதான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். ஜும்மாத் தொழுகை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரம். பள்ளிவாசல் முன்னால் ரோடு நிறைய ஆட்கள், ஆட்டோ ஓரடி நகரவில்லை. என் தோளில் அவள் தலை. ஒவ்வொரு மூச்சையும் நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். டிரைவர் இறங்கி, "வழி விடுங்க பாய், புள்ளைக்கு மூச்சு நிக்குது!" என்று கத்தினார். கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் என்னைப் பார்த்திருப்பார்கள். எனக்கு ஒரு முகமும் தெரியவில்லை. மைமூனின் கைதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த உடனே ஒரு நர்ஸ் கேட்டாள்: "என்ன சாப்பிட்டாங்க? மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?" நான், "ஒண்ணும் குடுக்கலையே" என்றேன். இதைத்தான் தம்பி என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. மாத்திரை கொடுத்ததைக்கூட பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறவள் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னேனே! சின்ன வயசு டாக்டர் ஒருவர் திரும்பி, என் தோளைப் பிடித்து, "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களைத் திட்ட மாட்டோம். தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்" என்றார். மூக்கில் வைத்த ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே நஸ்ரினின் கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாத்திரையின் பேரைச் சொன்னேன். உடனே ஊசி, புகை மருந்து என்று ஓடினார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வராந்தாவில் அன்றைக்கு நான் செய்த துஆ மாதிரி உங்க அத்தா மவுத்தான அன்றுகூடச் செய்ததில்லை. என் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம் பாதி. பேகம்பூரில் எப்படித் தலை காட்டுவேன் என்ற பயம் மீதி. அவளுக்காகப் பயப்பட்டது அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ போனில் பதறினாய். நான் பதில் சொல்வதற்குள் அவளே போனை வாங்கி, "ஒண்ணுமில்ல மச்சான், பரண்ல தூசி தட்டுனேன், வீசிங் வந்துருச்சு" என்றாள். எனக்காக ஏன் பொய் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசியது கிடையாது. மாமி, மாமி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நான் தண்ணீர் மொண்டு கொடுத்தால் டம்ளருக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவளுக்கே தெரியாமல் அந்தப் பார்வை வந்துவிடும். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருத்தி கையைப் பார்த்து ஒருத்திக்குப் பயம், ஒருத்தி வாயைப் பார்த்து ஒருத்திக்குப் பயம். எட்டு மாதம் அப்படித்தான் இருந்தோம். உனக்குப் போனில் இரண்டு பேரும் சிரித்த முகமாகத் தெரிந்தோம்.

அடுத்த மாதம் அவளுக்கு நாள் வந்தபோதும் மெஷின் பெட்டிக்குள்தான் இருந்தது. அவள் கேட்கவில்லை. வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த இரண்டாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. மெஷினை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போய், மைமூன் கதையிலிருந்து மாத்திரை வரை எல்லாவற்றையும் கொட்டினேன். நானாக வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்கள்தான். அவர்கள் திட்டவில்லை. "உங்க தங்கச்சிக்கு வந்தது லைன் கரண்டும்மா. இது போன் பேட்டரி மாதிரி ஒரு சின்ன பேட்டரி. சார்ஜ்ல மாட்டிருக்கும்போது மட்டும் ஒட்டிக்கக் கூடாது. கையக் குடுங்க" என்றார்கள். எனக்குக் கை வரவில்லை. அவர்களே முதலில் தம் கையில் ஒட்டிக் காட்டினார்கள். அப்புறம் என் முழங்கைக்குக் கீழே இரண்டு பட்டையை ஒட்டினார்கள். கண்ணை இறுக மூடி கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. கொஞ்சம் கூட்டினார்கள், உள்ளே யாரோ மெதுவாகத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

"முட்டியில எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள்.

"தேய்ப்பேன்."

"தேய்ச்சா வலி கொஞ்சம் அமருதுல்ல? நரம்பு அந்தத் தேய்ப்பையும் மூளைக்குச் சொல்லுது, அதனால வலி சொல்றது கம்மியாக் கேக்குது. இதும் அதே மாதிரிதான். கர்ப்பப்பையச் சுடாது, எதையும் பொசுக்காது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு சொல்ல மாட்டேன். உங்க மருமகளுக்குக் கேக்குது, அது அல்லா குடுத்தது. அதப் போயி..."

வீட்டுக்கு வந்து மெஷினை அவள் கட்டிலில் வைத்தேன். "நான்தாம்மா ஒளிச்சு வச்சேன். பெட்டிக்குள்ள" என்றேன். அவள் திரும்பாமலே, "தெரியும் மாமி. ஆஸ்பத்திரியிலருந்து வந்த மூணாம் நாளே பாத்துட்டேன். சாவி பீரோ மேலதான இருக்கு" என்றாள். அப்படியானால் இந்த இரண்டு நாளும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "எடுத்தா அடுத்த தடவ வேற எங்கயாச்சும் வைப்பீங்க. அப்ப எனக்குத் தேடத் தெரியாது." இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம். அவள் காலைப் பிடிக்கப் போனேன், பிடிக்க விடவில்லை. மெஷினைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். மாத்திரையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது அவள் உன்னிடம் வருகிறாள். அங்கே ஜைனம்பு இல்லை, வழிவிட ஜும்மாக் கூட்டம் இல்லை. பத்தாவது மாடியில் ஒரு அறை, நீ வேலைக்குப் போனால் அவள் தனி. அதனால் நான் சொல்வதைக் கேள். அவளுக்கு ஆகாத மாத்திரையின் பேரையெல்லாம் இங்கே டாக்டரிடம் எழுதி வாங்கி அவள் பையில் வைத்திருக்கிறேன், உன் பர்ஸிலும் ஒன்று வைத்துக்கொள். தலைவலி, பல்வலி, எதற்கு எந்த மாத்திரை யார் கொடுத்தாலும் அந்தச் சீட்டைக் காட்டாமல் அவள் வாயில் போகக் கூடாது. அந்தப் பட்டைகளை எங்கே ஒட்ட வேண்டும், எவ்வளவு கூட்ட வேண்டும் என்று நீ கற்றுக்கொள். இடுப்புக்குப் பின்னால் அவளுக்குக் கை எட்டாது, இங்கே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவதிப்பட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. மெஷின் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடாதே. வலி எப்போதும் போல இல்லாமல் மாறினாலோ, உதிரம் கூடினாலோ டாக்டரிடம் போ. அல்லாஹ் நாடி அவள் உண்டானால், டாக்டரைக் கேட்காமல் அதை வயிற்றில் வைக்க விடாதே, இதையும் அந்த அம்மாவே சொன்னார்கள். அப்புறம், யாராவது வந்து இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று உன்னை வெளியே அனுப்பினால், அது நானாகவே இருந்தாலும், போகாதே.

இதுவரை எழுதியதை நேற்று மதியம் நஸ்ரினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எழுதி அவள் பையிலேயே வைத்து அனுப்பினால் அதுவும் ஒரு ஒளிப்புத்தானே. கட்டிலில் உட்கார்ந்து, தாள் தாளாகப் படித்தாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், சோறு குழைந்துபோனது. செத்த நேரம் கழித்து வந்தாள்.

"மாமி, இதுல ஒண்ணு தப்பா இருக்கு."

எதும்மா என்றேன்.

"வாந்தி மாத்திரன்னு நம்பி நான் முழுங்கலை. அந்த நெறத்துல மாத்திரை உங்க அட்டையில பாத்திருக்கேன். சந்தேகம் வந்துச்சு."

"யா அல்லா... அப்பறம் ஏம்மா முழுங்குன?"

"மூச்சு நின்னாலும் வலி நிக்குமேன்னு இருந்துச்சு மாமி. அம்புட்டு வலி."

தம்பி, மூன்று வருஷம் அவளோடு ஒரே கூரையில் இருந்தேன். அந்த வலி எவ்வளவு பெரிசு என்று நேற்று அடுப்படியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரியட்டும் என்று அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தின் கடைசியில் தானும் கொஞ்சம் எழுதட்டுமா என்று கேட்டாள். எழுதும்மா என்று சொல்லிக் கீழே அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுதப் போகிறாளோ தெரியாது. எழுதிய பிறகு நான் பார்க்கப் போவதில்லை. பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.